நோட்டீசில் நின்ற மாடு

காரிமங்கலத்துச் சந்தைமேட்டில் டூரிங் டாக்கீஸ் வந்து கொட்டகை போட்டால், அன்றிலிருந்து அந்த ஊருக்கு இரண்டு சாமி. கோயிலில் இருக்கிற சாமி சும்மா இருக்கும். கொட்டகையில் இருக்கிற சாமிக்குக் கமிட்டி உண்டு, தலைவர் உண்டு, தமுக்கு உண்டு, ரோஸ் காகிதத்தில் நோட்டீஸ் உண்டு. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அரிசி கிடைக்காது, மண்ணெண்ணெய் கிடைக்காது, சேலைத் துணிக்கு வரிசையில் நிற்கவேண்டும். சினிமா நட்சத்திரம் மட்டும் தட்டில்லாமல் கிடைத்தது. கேளுங்கள் கண்ணுகளா. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், வராவிட்டாலும் பரவாயில்லை. சின்னக்காவுக்கே அப்போது வரவில்லை.

சின்னக்கா சந்தைமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தவள். கொஞ்சம் மேட்டுக்காடு, அதில் மழை மனசு வைத்தால் கேழ்வரகு. புருஷன் பெயர் மாது. நல்ல மனுஷன்தான், யாராவது பெரிய மனிதர் தோளில் கைபோட்டுப் பேசாத வரைக்கும். அப்புறம் சிட்டு என்று ஒரு காரிப் பசு. மழைக்கால மேகம் மாதிரி கறுத்த மாடு. அது அப்போதுதான் கன்று போட்டிருந்தது. புல் கடிக்கத் தெரியாத கன்று. தாய்மடியைத் தவிர அதற்கு உலகத்தில் வேறொன்றும் தெரியாது.

ஒருநாள் களையெடுத்துவிட்டு வந்து பார்த்தால் மாட்டுக் கொட்டாயில் கன்று மட்டும் கத்திக்கொண்டு நிற்கிறது. தும்புக் கயிற்றைக் காணோம், மாட்டைக் காணோம்.

"மாடு எங்க?"

மாது வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் வெள்ளைச் சட்டை போட்டால் ஏதோ செய்துவிட்டான் என்று அர்த்தம்.

"கோவிச்சுக்காத. கொட்டாய் மேனேசர் சவுரியப்பன் வந்தாருங்கறேன். எந்தோள்மேல கை போட்டு, மாது, உம்மாட்டுக்கு ஒரு யோகம் வந்திருக்குன்னாரு. நோட்டீசு வண்டிக்குப் பின்னால கட்டி ஊர்வலம் உடறதுக்குத்தான். பொழுது சாயறதுக்குள்ள ஓட்டியாந்துருவாங்க."

"பாலுகுடி கன்னை உட்டுட்டு மாட்டைக் குடுத்தியா? உனக்கு என்னா குடுத்தான்?"

"பாஸு" என்றான் மாது, சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு. "பெஞ்சு பாஸு. தரை இல்ல."

விஷயம் இதுதான். கொட்டகைக்கு வந்திருந்த படம் 'பக்த கோகிலவேணி'. அதில் குமாரி இந்துவதனி என்கிற நட்சத்திரம் காட்டுக்குள் நின்று ஒரு பாட்டுப் பாடுவாள். பாட்டு முடிவதற்குள் ஒரு மாடு வந்து புற்றின்மேல் தானாகப் பால் சொரியும். அந்த இடத்தில் பெண்கள் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், சிலர் சூடம் கொளுத்தினார்கள். திரையில் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போடவேண்டியிருந்தது. ஆனாலும் மூன்றாம் வாரம் கூட்டம் இளைத்தது. சவுரியப்பன் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்குத் தவறாத வேதக்காரர் அவர். மற்ற நாளெல்லாம் கோமாதாவுக்காக உழைத்தார். 'குமாரி இந்துவதனியுடன் நடித்த கோமாதா நேரில் விஜயம்' என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். நோட்டீஸ் வந்த பிறகுதான் மாடு தேடினார்.

பொழுது சாய்ந்தது. மாடு வரவில்லை. கன்று தொண்டை கட்டும்வரை கத்தியது.

விடிந்ததும் சின்னக்கா போனாள். கொட்டகை வாசலில் ஒரு வெள்ளை மாடு நின்றிருந்தது. பக்கத்தில் மூங்கில் தட்டி, தட்டியில் குமாரியின் முகம். கொட்டகை ஆட்கள் இரண்டு பேர் வாளியில் நாமக்கட்டியைக் கரைத்து மாட்டின் வாலுக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். மாடு திரும்பிப் பார்த்து "ம்மா" என்றது. அப்போதுதான் அவளுக்கு அது சிட்டு என்று தெரிந்தது.

"ஐயையோ! எம்மாட்டுக்கு என்னாத்தைங்க பூசறீங்க?"

சவுரியப்பன் கையில் வெற்றிலையோடு வந்தார். "பதறாதீங்கம்மா. படத்துல மாடு வெள்ளைங்க."

"படத்துல எல்லாமே வெள்ளையும் கறுப்பும்தானுங்க. எம்மாடு காரி."

"காரிதான். யாரு இல்லைன்னா? ஆனா கறுப்பு மாட்டுக்குச் சனங்க கன்னத்துல போட்டுக்க மாட்டேங்குது. நேத்து பாத்துட்டேன்."

"நேத்து ஒரு நாளுன்னுதான சொன்னீங்க. ஓட்டிக்கிட்டுப் போறேன். கன்னு பட்டினி."

சவுரியப்பன் வெற்றிலையை மடித்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

"இந்தாம்மா, இது உங்க மாடுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். மாட்டுக்கும் தெரியும். நோட்டீசுக்குத் தெரியாதே! குமாரியோட நடிச்ச மாடுன்னு அச்சாயிருச்சு. மாத்தி அடிக்கலாம்னா யுத்த காலம், காயிதம் கட்டுப்பாடு. துண்டுக் காயிதம் கெடையாது. காயிதம் வந்ததும் முதல் வேலையா இது உங்க மாடுன்னு அடிச்சுடறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அச்சுல இருக்கறதுதான் நெசம்."

சின்னக்கா வீட்டுக்கு வந்து ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து மூங்கில் குழாயில் கன்றுக்குப் புகட்டினாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது.

அப்புறம் தினமும் போனாள். சும்மா போய்ப் பார்க்க முடியாது. மாட்டைக் கொட்டகைக்குள் தரை டிக்கெட் பக்கமாகக் கட்டி, சுற்றிலும் சவுக்குக் கழி அடித்து வரிசை விட்டிருந்தார்கள். பாலக்கோட்டிலிருந்தும் இண்டூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு சனம் வந்தது. தன் மாட்டைப் பார்க்கத் தானே வரிசையில் நின்றாள் சின்னக்கா. முன்னால் நின்ற பெண் மஞ்சள் கிழங்கு வைத்திருந்தாள். பின்னால் நின்ற கிழவி கால்வலிக்கு வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். சின்னக்கா கழிகிட்டே போனதும் சிட்டு கழுத்தை நீட்டிக் கத்தியது. கூட்டம் சிலிர்த்துப்போனது.

"பாத்தியாடி! இந்தப் பொம்பளைக்கு மட்டும் கொரல் குடுக்குது. என்னா புண்ணியம் பண்ணியிருக்காளோ!"

"இது எங்க வூட்டு மாடு ஆத்தா" என்றாள் சின்னக்கா.

"எங்க வூட்டு மாடும்தான். எல்லாருக்கும் அதுதான் தாயி" என்று கிழவி அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வரிசையை விடுகிற ஆள், "நகருங்க நகருங்க, தாயைப் பாத்துட்டா நகரணும்" என்று தள்ளிவிட்டான்.

மாட்டின் சாணியைக்கூட வாழையிலையில் மடித்துக் கொடுத்தார்கள். சின்னக்கா வாசல் தெளிக்கச் சாணிக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய் நின்றாள்.

வரிசையில் நிற்கும்போது சிட்டுவின் மடியை எட்டிப் பார்த்தாள். வற்றிக்கொண்டு வந்தது. கன்று முட்டாத மடி எத்தனை நாள் சுரக்கும்? மாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. சவுரியப்பனுக்கும் தெரியும், அவர் வீட்டிலும் மாடு உண்டு. "கன்னைக் கொண்டாந்து ஒரு வேளையாவது ஊட்ட உடுங்க" என்று கேட்டாள்.

"ஊட்டலாங்க. ஆனா படத்துல கன்னு இல்லையே" என்றார் அவர். "பக்திக்குத்தான் மாடு சுரக்குது. பக்கத்துல கன்னு நின்னா அப்பறம் பக்திக்கு என்னா வேலை?"

இப்படி இருக்கும்போது படக் கம்பெனிப் பிரதிநிதி வந்தார். படப்பெட்டி எந்த ஊருக்குப் போனாலும் கணக்குப் பார்க்கக் கூடவே போகிற மனிதர். காக்கி அரைக்கால் சட்டை, தகரப் பெட்டி, பட்டணத்துப் பேச்சு. கூட்டத்தைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், கண்கலங்கிவிட்டார். மெட்ராசுக்குத் தந்தி அடித்தார். தந்திக்குப் பதில் வந்தது: மாடு இருக்கிற இடத்துக்கு நட்சத்திரத்தை அனுப்புகிறோம்.

சின்னக்கா அவரிடமும் போய் நின்றாள்.

"உன் மாடா?" என்றார் பிரதிநிதி. "அம்மா, நன்றாக யோசி. எங்கள் படத்தில் ஒரு மாடு நடித்திருக்கிறது. சம்மதமா?"

"ஆமாங்க."

"படத்தில் நடித்த மாடு கம்பெனி மாடு. சம்மதமா?"

"அது இருக்கலாங்க."

"இது படத்தில் நடித்த மாடு என்று நோட்டீஸ் சொல்கிறது. ஆகவே இது யார் மாடு?"

சின்னக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எங்கேயோ தடுக்குகிறது, எங்கே என்று தெரியவில்லை.

"சாட்சி ஏதாவது உண்டா? நீயும் மாடும் சேர்ந்து நிற்கிற போட்டோ?"

"மாட்டுக்கூட யாருங்க போட்டோ புடிப்பாங்க?"

"எங்களிடம் இருக்கிறது" என்று பிரதிநிதி தட்டியைக் காட்டினார். அதில் குமாரி இந்துவதனி ஒரு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். "சினிமாவில் ஆதாரம் இல்லாமல் நாங்கள் ஒரு வார்த்தை பேசமாட்டோம்."

வரவேற்புக் கமிட்டி கூடியது. புளி மண்டி பச்சியப்பன் தலைவர். மேடையில் வைக்கப் புற்று வேண்டும் என்று தீர்மானமாயிற்று. நிஜப் புற்றை வெட்டி எடுத்தால் பாம்பு வருமே என்று ஒரு கட்சி, பாம்பும் வரட்டும், கூட்டம் சேரும் என்று ஒரு கட்சி. கடைசியில் களிமண்ணில் செய்தார்கள். குமாரி மேடையில் உட்கார்ந்து வெள்ளிச் சொம்பில் பால் கறந்து அந்தப் புற்றில் ஊற்றவேண்டும் என்பது ஏற்பாடு. மாடு பால் கொடுக்குமா என்று ஒருவர் கேட்டார். கமிட்டியில் நம்பிக்கையில்லாதவர் என்று அவரை நீக்கினார்கள்.

மாதுவுக்கு வாலண்டியர் பட்டை கிடைத்தது. வீட்டில் கூழ் குடிக்கும்போதும் அதைக் கழற்றவில்லை. கன்று எழுந்து நிற்கமுடியாமல் மூலையில் படுத்துக் கிடந்தது. விலா எலும்பு தெரிந்தது.

"கன்னு போயிரும் போலிருக்குது" என்றாள் சின்னக்கா.

"விழா முடியட்டும்" என்றான் மாது. "நானே தலைவருகிட்டப் பேசறேன். இப்ப அவரு எம்பேரைச் சொல்லித்தான் கூப்புடறாரு."

விழா சந்தை நாளில் வைத்தார்கள். சந்தைக்கு வந்த சனம் கழுதை, கோழி, மிளகாய் மூட்டையோடு அப்படியே கொட்டகை முன்னால் நின்றது. பெட்ரோல் இல்லாத காலம். குமாரியின் கார் கரி அடுப்பைப் பின்னால் சுமந்துகொண்டு புகைவிட்டபடி தர்மபுரி ரோட்டில் வந்து, ஊர் எல்லையில் நின்றுவிட்டது. வாலண்டியர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவைத் திறந்ததும் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருத்தி முகமெல்லாம் கரி. இன்னொருத்தி முகம் துடைத்து, பவுடர் போட்டுப் பளிச்சென்று இருந்தாள். தலைவர் பளிச்சென்று இருந்தவளுக்கு ஆளுயர மாலையைப் போட்டுவிட்டார். அவள் தலை வாரிவிட வந்தவள். மாலையைக் கழற்றி மாற்றுவது மரியாதை இல்லை என்று கமிட்டி கருதியதால், கரிமுகத்துக்காரி மாலையில்லாமல் மேடைக்கு நடந்தாள். அவள்தான் குமாரி இந்துவதனி. இருபது வயசுகூட இருக்காது. நின்றபடியே தூங்கிவிடுவாள் போல இருந்தாள். பிரதிநிதி காதில் ஏதோ சொன்னதும் சிரித்தாள்.

தலைவர் பச்சியப்பன் மைக்கைப் பிடித்தார்.

"மகா ஜனங்களே! எனக்குக் கலை தெரியாது. ஆகையினால்தான் என்னைத் தலைவராகப் போட்டார்கள். தெரிந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். நாட்டில் பஞ்சம் இருக்கிறது என்கிறார்கள். நான் மறுக்கவில்லை. என் கிடங்கில் புளி இருக்கிறது, அதையும் மறுக்கவில்லை. அவசரப்பட்டு வெளியே விட்டால் மதிப்புப் போய்விடும். கலையும் அப்படித்தான். ஒரு மாட்டை நீங்கள் தெருவில் தினமும் பார்த்தீர்கள், யாராவது கும்பிட்டீர்களா? நாங்கள் கட்டிவைத்தோம், கும்பிட்டீர்கள். இதுதான் கமிட்டியின் சேவை!"

கைதட்டினார்கள். அடுத்துப் பிரதிநிதி.

"எங்கள் கம்பெனி நட்சத்திரங்களைச் சொந்தக் குடும்பத்துப் பெண்களைப் போல நடத்துகிறது. எங்கே போவது, என்ன சாப்பிடுவது, எப்போது சிரிப்பது, எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அவர்களுக்கு ஒரு கவலையும் கிடையாது. கல்யாணக் கவலைகூட இல்லை. அக்ரிமெண்டிலேயே அதற்கு இடமில்லை! இந்துவதனி கன்னியாகவே இருந்து கலைக்குத் தொண்டு செய்கிறாள். என்றும் குமாரி!"

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

கூட்டத்துக்குக் கடைசியில், தட்டி மறைவில், சின்னக்கா கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மாது ஓடிவந்து மறித்தான்.

"ஏம்மே, எங்க வர்ற? கன்னுக்கு உள்ள எடமில்ல."

"வழியை உடு."

"நான் இப்ப உம்புருசனா நிக்கலை. வாலண்டியரா நிக்கறேன்" என்று பட்டையைத் தொட்டுக் காட்டினான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை.

அதற்குள் மேடையில் ஏதோ தடபுடல். குமாரி சொம்போடு உட்கார்ந்து மடியில் கை வைத்ததும் சிட்டு ஓர் உதை விட்டது. சொம்பு உருண்டு புற்றை உடைத்தது. தலைவர் நாற்காலிமேல் ஏறிக்கொண்டார். நாமக்கட்டி வெயிலில் வெடித்து, சிட்டு தலையை ஆட்டும்போதெல்லாம் பிரதிநிதிமேல் வெள்ளைத் தூள் கொட்டியது. கூட்டத்தில் முணுமுணுப்பு. சவுரியப்பன் மேடையிலிருந்து கழுத்தை எக்கித் தேடி, சின்னக்காவைக் கண்டுபிடித்துவிட்டார்.

"சின்னக்கா! ஏம்மா சின்னக்கா! சித்த மேல வாங்க. மானம் போவுது!" மைக்கில் வேறு சொன்னார்: "கோமாதாவின் பணிப்பெண் மேடைக்கு வரவும்."

சின்னக்கா கன்றை இறக்கி மாதுவின் கையில் கொடுத்தாள். "புருசனா புடிக்கறியோ வாலண்டியரா புடிக்கறியோ, கீழ போடாத புடி."

அவள் மேடை ஏறியதும் சிட்டு அவள் முந்தானையை முகர்ந்தது. முந்தானையில் கன்றின் வாசனை. அந்த நேரம் பார்த்துக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கன்று கத்தியது. பலமாகக் கத்தவில்லை, தொண்டை கட்டிய ஒரு சின்னக் குரல். சிட்டுவுக்கு உடம்பு ஒருதரம் நடுங்கிற்று. வற்றிக் கிடந்த மடியில் பால் இறங்கியது.

சின்னக்கா நிமிர்ந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த குமாரியின் ரவிக்கை மார்பில் நனைந்திருந்தது. கன்று இன்னொருதரம் கத்தியது. ஈரம் பெரிதாகப் படர்ந்து பட்டுச் சேலையில் இறங்கியது. அந்தப் பெண் இரண்டு கையையும் குறுக்கே கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"அடடா, விசிறி கொண்டுவாருங்கள்!" என்றார் தலைவர் நாற்காலியிலிருந்தபடி. "பாருங்கள் ஜனங்களே, கலைக்காக வேர்வை சிந்துகிற குமாரியை!" ஜனங்கள் கைதட்டினார்கள்.

சின்னக்கா தன் முதுகால் கூட்டத்தை மறைத்தபடி அவளுக்கு முன்னால் குந்தினாள். உருண்டு கிடந்த சொம்பை எடுத்து, சிட்டுவின் மடியில் கை வைத்துக் கறந்தாள். சொம்பில் பால் விழுகிற சத்தத்துக்குள் மெள்ளக் கேட்டாள்.

"பையனா, பொண்ணா கண்ணு?"

அந்தப் பெண் திடுக்கிட்டாள். அப்புறம் உதடு அசையாமல், "பொண்ணு" என்றாள். "மெட்ராசுல எங்கம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. கம்பெனிக்குத் தெரியும். ஜனங்களுக்குத் தெரிஞ்சா படம் ஓடாதாம்."

"நான் யாருகிட்டச் சொல்லப்போறேன். நான் சொன்னா யாரு கேக்கறா? இது எங்க வூட்டு மாடு. அதைச் சொல்லியே ஒருத்தனும் கேக்கலை. அங்க கத்துதே, அது இதோட கன்னு. உட மாட்டேங்கறாங்க."

"படத்துல மாடே இல்லக்கா. அட்டையில செஞ்சது. பின்னால ஒருத்தர் ஒக்காந்து சொம்பால ஊத்தினாரு." சொல்லிவிட்டு அந்தப் பெண் கன்று கத்துகிற பக்கம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, ஒரு கையை மார்பிலிருந்து எடுக்காமலே, மறு கையால் மைக்கை இழுத்தாள். அவள் குரல் அப்படியே படத்துக் குரலாக மாறியது.

"அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! இந்தக் கோமாதா என்னோடு நடித்தவள். என் உடன்பிறவாச் சகோதரி. நட்சத்திர வாழ்வு இவளுக்குப் போதும். இன்று, உங்கள் முன்னிலையில், இவளை இந்த ஏழைத் தாய்க்கே கோதானமாகக் கொடுக்கிறேன். இவளை இனி யாரும் எங்கேயும் கட்டிவைக்க வேண்டாம்!"

சந்தைமேடே அதிர்ந்தது. பெண்கள் அழுதார்கள். பிரதிநிதியின் முகம் நாமக்கட்டியை விட வெளுத்தது. ஆனால் அவர் தொழில் தெரிந்தவர். கைதட்டல் ஓய்வதற்குள் மைக்கை வாங்கி, "இந்த மகத்தான தானத்தை எங்கள் கம்பெனி வெகுநாள் முன்பே திட்டமிட்டிருந்தது" என்றார். சவுரியப்பன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஜெபம் என்று நினைத்தார்கள். காகிதம் எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கீழே இறங்கி வந்து சின்னக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தார். "அப்படி வாங்கக்கூடாதும்மா. குனிஞ்சு, ரெண்டு கையையும் நீட்டி, பணிவா வாங்கணும். கண்ணுல தண்ணி வந்தா இன்னும் நல்லாருக்கும்."

தான் திரித்த கயிற்றை, தன் மாட்டின் கழுத்தில் கிடந்த கயிற்றை, சின்னக்கா குனிந்து இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

அவர் கையில் ஒரு பொன்னாடை மடிப்புக் கலையாமல் இருந்தது. கடைசியில், நன்றியுரைக்கு அப்புறம் போர்த்தவேண்டியது. சின்னக்கா அதை அவர் கையிலிருந்து வெடுக்கென்று எடுத்தாள். உதறினாள். குமாரியின் தோளைச் சுற்றி, கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் இழுத்து, மார்பு மறைய இறுக்கிப் போர்த்திவிட்டாள்.

"போத்திக்கோ கண்ணு" என்றாள். "எங்க போனாலும் எடுக்காத."

"நிகழ்ச்சி நிரல்படி இது இப்போது இல்லையே!" என்றார் தலைவர். யாருக்கும் கேட்கவில்லை. கைதட்டல் அவ்வளவு பலம்.

மாது அழுதுகொண்டிருந்தான். கன்று அவன் பட்டையைச் சப்பிக்கொண்டிருந்தது.

மைதானத்து ஓரத்திலேயே கன்றை விட்டாள். அது நிற்கமுடியாமல் நின்று, முட்டி, குடித்தது. கன்றின் வாய் பட்ட இடமெல்லாம் நாமக்கட்டி கரைந்து மடியைச் சுற்றிக் கறுப்பு தெரிந்தது. பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். போகிற வழியில் ஏரியில் இறக்கித் தேய்த்துக் கழுவினாள். வெள்ளையெல்லாம் தண்ணீரோடு போனது. சந்தையிலிருந்து திரும்பின சனம் கரையில் நின்று பார்த்தது.

"பாருடா, அந்தம்மா கையில இருந்த வரைக்கும் வெள்ளையா இருந்த மாடு, இவ கைக்கு வந்ததும் கறுத்துப்போச்சு" என்றது ஒரு குரல்.

சின்னக்கா வாலில் ஒட்டியிருந்ததையும் அலசிவிட்டாள்.

கொட்டகை அவிழ்த்துக்கொண்டு அரூர்ப் பக்கம் போனது. கன்று பிழைத்துக்கொண்டது. ஆனால் மாடு சின்னக்காவின் மாடாகத் திரும்பவே இல்லை. இந்துவதனி கொடுத்த மாடு என்றே ஊர் சொல்லிற்று. பால் வாங்க வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுத் தண்ணீர் கலக்காமல் கேட்டார்கள். கூலிக்குப் போன இடத்தில், "உனக்கென்னாடி, நட்சத்திரம் மாடு குடுத்திருக்கு" என்று கூடக்கொஞ்சம் வேலை வாங்கினார்கள். ஆரம்பத்தில் அவள் மறுத்துப் பார்த்தாள். நன்றி கெட்டவள் என்று பெயர் வந்தது. ஒருநாள் மாதுவே கூழ் குடித்துக்கொண்டு, "என்னா இருந்தாலும் அந்தம்மா மனசு வெக்கலைன்னா நமக்கு ஏது மாடு?" என்றான். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து, புளி வாங்க அரூர் போய்வந்த பச்சியப்பனின் வண்டிக்காரன் அந்த வழியாக வந்து தண்ணீர் கேட்டான். செம்பைக் கொடுத்தபடி சின்னக்கா விசாரித்தாள்.

"அங்கயும் அந்தப் பொண்ணு வந்துச்சா?"

"வராம? அங்கயும் ஒரு வெள்ளை மாட்டைத் தானம் பண்ணுச்சு. வாங்கினவ அழுதா பாரு, உன்னை மாதிரியேதான். அப்பறம் கம்பெனிக்காரன் மாட்டைத் திருப்பி ஓட்டிக்கிட்டுப் போயிட்டான், அடுத்த ஊருக்கு வேணும்னு."

சின்னக்கா தன் மாட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"போத்திக்கிட்டு இருந்துச்சா?"

"என்னாத்தை?"

"மேல. பொன்னாடை."

"அதைக் கேக்கறியா! அந்த வெயில்லயும் எடுக்கலியே. கழுத்து வரைக்கும் இழுத்துப் போத்திக்கிட்டுத்தான் நின்னுச்சு. அதுதான் இப்பப் புது பேஷனாம். நோட்டீசுலயே போட்டுட்டான், பொன்னாடைக் குமாரின்னு. அரூருல பொம்பளைங்க எல்லாம் அப்படித்தான் போத்திக்கிட்டுத் திரியறாளுங்க."

"போத்திக்கிட்டு இருக்கட்டும்" என்றாள் சின்னக்கா. செம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கன்றை அவிழ்த்துவிடப் போனாள்.